வம்சாவளி மாநாட்டுக்கு முதல் தடவை போகிறீர்களா? ஒரே ஒரு கேள்வியோடு போங்கள்

பாஸ்டன், நாஷுவா, ஹார்ட்ஃபோர்ட் பக்கம் இருக்கிற நம்மவர்கள் சிலர் என்னிடம் கேட்பது இதுதான்: "வம்சாவளி மாநாடுன்னு ஒண்ணு நடக்குதாமே, அது வெள்ளைக்காரங்க மேஃப்ளவர் கப்பல்ல வந்த தாத்தாவைத் தேடற இடம்தானே, நமக்கு அங்க என்ன வேலை?" நானும் அப்படி நினைத்துத்தான் பல வருடம் போகாமல் இருந்தேன். இப்போது அந்த வருடங்களை நினைத்தால் மனசு வலிக்கிறது, ஏனென்றால் அதற்குள் எங்கள் வீட்டில் விவரம் தெரிந்த இரண்டு பெரியவர்கள் போய்விட்டார்கள்.

இங்கே நான் சொல்லப்போவது அமெரிக்காவின் வடகிழக்கில் நடக்கும் நியூ இங்கிலாந்து வட்டார வம்சாவளி மாநாடு பற்றி. மெயின், நியூ ஹாம்ப்ஷயர், வெர்மான்ட், மாசசூசெட்ஸ், ரோட் ஐலண்ட், கனெக்டிகட் ஆகிய ஆறு மாநிலங்களின் வம்சாவளிச் சங்கங்கள் சேர்ந்து, இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, ஒற்றைப்படை ஆண்டுகளில் நடத்துவது. 2017-லும் 2023-லும் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் நடந்தது, 2019-ல் நியூ ஹாம்ப்ஷயரின் மான்செஸ்டரில். வேறு மாநிலத்தில் இருக்கிறீர்கள் என்றால் உங்கள் பக்கத்து மாநாட்டுக்கும் நான் சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் நான் செய்த தவறைச் சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட மாநாடுகளில் அனுபவசாலி ஒருவரோடு தனியாக உட்கார்ந்து பேச ஒரு மேசை இருக்கும். எனக்குக் கிடைத்தது 20 நிமிடம். நான் ஒரு தடிமனான கோப்பைக் கொண்டுபோய் மேசையில் வைத்தேன். எங்கள் ஆயா சொன்ன கதைகள், வீட்டுப் பத்திரத்தின் நகல், குலதெய்வக் கோயில் கல்வெட்டின் படம், எல்லாம் அதில் இருந்தது. எதிரே இருந்த அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும், கனடாவின் கியூபெக்கிலிருந்து இங்குள்ள பஞ்சாலைகளுக்கு வேலைக்கு வந்த பிரெஞ்சுக் குடும்பங்களைத் தேடுவதில் வாழ்நாளைச் செலவிட்டவர். கோப்பை அவர் திறக்கவே இல்லை. கையை அதன்மேல் வைத்துக்கொண்டு, "உங்கள் கேள்வி என்ன?" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எங்கள் குடும்பத்தைப் பற்றி எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும் என்றேன். அவர் பொறுமையாக, துருவித் துருவிக் கேட்டு, ஒரு கேள்வியைப் பிடிப்பதற்குள் 14 நிமிடம் போய்விட்டது. மீதி 6 நிமிடத்தில் அவர் சொன்னது எனக்கு இரண்டு வருடத்துக்கு வேலை கொடுத்தது. அது என்ன என்று பின்னால் சொல்கிறேன். அந்த 14 நிமிடத்தை நீங்கள் வீட்டிலேயே முடித்துக்கொண்டு போக வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

இரண்டு மாதம் முன்பே: ஊருக்குப் போன் போடுங்கள்

மாநாட்டில் உங்களுக்கு யாரும் உங்கள் தாத்தா பெயரைச் சொல்லப்போவதில்லை. அது உங்கள் வீட்டில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை, ஊரில் மாலை நேரமாக இருக்கும்போது, குடும்பத்தில் வயதானவர் யாரோ அவரைக் கூப்பிடுங்கள். "நம்ம வம்சத்தைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டால் அவர்களுக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாது. "உங்க கல்யாணத்துக்கு எந்தெந்த ஊர்லேருந்து பங்காளிங்க வந்தாங்க? யாரு யாரு சீர் வெச்சாங்க?" என்று கேளுங்கள், தானாக வரும். கருமாதிக்கு யார் முடி கொடுத்தார்கள், யாருக்குத் தீட்டு இருந்தது என்பது இன்னும் நல்ல கேள்வி, ஏனென்றால் யார் பங்காளி, யார் மாமன் மச்சான் என்பது அதில் தெளிவாகப் பிரிந்துவிடும்.

உறவுச் சொற்களை அவர்கள் சொன்ன மாதிரியே தமிழில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இது ரொம்ப முக்கியம். "சின்னத் தாத்தா" என்றால் தாத்தாவின் தம்பியா, ஆயாவின் தங்கை வீட்டுக்காரரா, தாத்தாவின் சித்தப்பா மகனா? மூன்று பேரையும் நாம் அப்படித்தான் கூப்பிடுகிறோம். உடனே ஆங்கிலத்தில் மாற்றி எழுதினால் ஒரு தலைமுறையே இடம் மாறிவிடும். தமிழ்ச் சொல்லை எழுதி, அடுத்த வரியில் "யாருக்கு யார் பிள்ளை" என்று சங்கிலியாக எழுதுங்கள்.

அடுத்தது காலம். நம் பெரியவர்கள் வருடத்தைப் பெயரால் சொல்வார்கள். எங்கள் ஆயாவின் பெரியப்பா முனிசாமி, வேலூர்ப் பக்கத்துக்காரர், "விகாரி வருஷம் ஆடி மாசம் அப்பன்கிட்ட கோவிச்சுக்கிட்டுக் கப்பலேறிட்டாரு" என்பது எங்கள் வீட்டில் வழிவழியாக வந்த பேச்சு. 60 வருடச் சுழற்சியில் விகாரி கடைசியாக வந்தது 2019-20-ல், அதற்கு முன் 1959-60, அதற்கும் முன் 1899-1900. ஆயாவின் பெரியப்பாவுக்கு 1959 பொருந்தவே பொருந்தாது. ஆக 1899 ஜூலை பாதிக்கும் ஆகஸ்ட் பாதிக்கும் இடையில். வெறும் ஒரு பேச்சிலிருந்து ஒரு மாதம் வரை வந்துவிட்டோம் பாருங்கள். "தாது வருஷப் பஞ்சத்துல பொறந்தவ" என்றால் 1876-77. இந்தக் கணக்கை மாநாட்டுக்கு முன்பே போட்டுவிடுங்கள், அங்கே யாருக்கும் இது தெரியாது. ஆனால் சிக்கல் அவர்களுக்குப் புரியும். 1752-க்கு முன் இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் புத்தாண்டு மார்ச் 25-ல் பிறந்தது, அதனால் பழைய ஊர்ப் பதிவேடுகளில் பிப்ரவரி மாதத்துக்கு 1731/32 என்று இரண்டு வருடம் போட்டிருக்கும். பஞ்சாங்கத் தொல்லை அவர்களுக்கும் உண்டு.

ஒரு பக்கத் தாள்

இதுதான் நீங்கள் கொண்டுபோக வேண்டிய முக்கியமான பொருள். ஒரே தாள், ஒரு பக்கம். மேலே கேள்வி, ஒரு வாக்கியத்தில். கேள்வியில் ஒரு ஆள், ஒரு இடம், ஒரு காலம், என்ன தெரிய வேண்டும் என்பது, நான்கும் இருக்க வேண்டும். என்னுடையது கடைசியில் இப்படி வந்தது: "வட ஆற்காடு மாவட்டம் வேலூர் தாலுகாவிலிருந்து 1899 ஆடி மாதம் புறப்பட்ட, சின்னத்தம்பி மகன் முனிசாமி, தென்னாப்பிரிக்காவின் நாட்டாலில் இறங்கியதற்குப் பதிவு உண்டா?"

அதற்குக் கீழே தெரிந்த விவரங்கள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் "எப்படித் தெரியும்" என்று. ஆயா சொன்னது, பத்திரத்தில் உள்ளது, கல்லறையில் எழுதியது, நானே ஊகித்தது என்று பிரித்து எழுதுங்கள். ஊகத்தை ஊகம் என்று எழுதக் கூச்சப்படாதீர்கள். நேரில் பார்த்தவர் சொன்னதா, கேள்விப்பட்டதா, மூலமா, நகலா என்று பிரித்துப் பார்ப்பதுதான் அங்கே நடக்கும் பாதி வகுப்புகளின் பாடம். அதற்கும் கீழே, இதுவரை எங்கே தேடினீர்கள், என்ன கிடைக்கவில்லை என்பது. கிடைக்காத இடத்தையும் சொன்னால்தான் எதிரில் இருப்பவர் அதையே திரும்பச் சொல்லி நேரத்தைச் செலவழிக்க மாட்டார்.

தாளின் பின்பக்கம் ஒரு சின்னக் கொடிவழிப் படம் வரையுங்கள், நான்கு தலைமுறை போதும். நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, அப்பா பெயர்தான் முன்னெழுத்தாக நிற்கிறது என்பதை அதில் ஓரமாக ஒரு வரி எழுதிவிடுங்கள். இல்லையென்றால் ஏன் ஒவ்வொரு தலைமுறைக்கும் பெயர் மாறுகிறது என்று விளக்குவதிலேயே நேரம் போகும். பெயரை எத்தனை விதமாக எழுத முடியுமோ அத்தனையும் போடுங்கள். நாட்டால் பதிவுகளில் முனிசாமி "மூன்சாமி" ஆகியிருக்கும், கவுண்டர் "கோவெண்டர்" ஆகியிருக்கும், முதலி "மூட்லி", படையாட்சி "படையாச்சி". எழுதிய குமாஸ்தாவின் காதில் எப்படி விழுந்ததோ அப்படி.

மூலப் பத்திரங்களை எடுத்துப் போகாதீர்கள். தாத்தா காலத்து முத்திரைத்தாளை ஓட்டல் அறையில் வைத்துவிட்டு நாள் முழுக்கப் பதறுவது தேவையில்லை. செல்போனில் படம் எடுத்து, ஒரு நகல் மின்னஞ்சலிலும் போட்டு வைத்தால் போதும்.

எந்த வகுப்பில் உட்காருவது

நிகழ்ச்சி நிரலைப் பார்த்தால் முதலில் மலைப்பாக இருக்கும். ஒரே நேரத்தில் பல அறைகளில் பேச்சுகள் நடக்கும். தலைப்பில் ஊர்ப் பெயரோ கப்பல் பெயரோ இருந்தால் அது பெரும்பாலும் அந்த ஊர்க்காரர்களுக்கானது. தேடும் முறை, டி.என்.ஏ., நிலப் பதிவு, குடியுரிமைப் பதிவு, பழைய படங்களைப் பாதுகாப்பது, குறிப்புகளை ஒழுங்கு செய்வது என்று தலைப்பு இருந்தால் அது நமக்கும்தான். ஒரு நாளைக்கு நான்கு பேச்சுக்கு மேல் மண்டையில் ஏறாது. ஒரு வேளையைக் காலியாக விடுங்கள், உட்கார்ந்து குறிப்பை ஒழுங்குபடுத்த.

உங்கள் மருமகளோ மருமகனோ இந்த ஊர்க்காரராக இருந்தால் கதையே வேறு. பேரப்பிள்ளைகளின் பாதி வம்சம் இங்கேயே கிடக்கிறது. நியூ இங்கிலாந்தில் பிறப்பு, இறப்பு, திருமணம் எல்லாம் மாவட்ட அளவில் அல்ல, ஒவ்வொரு ஊரின் எழுத்தரிடம் இருக்கும், நம் கிராமக் கணக்குப்பிள்ளை வைத்திருந்த மாதிரி. நிலப் பத்திரம் மட்டும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்: மாசசூசெட்ஸில் மாவட்டப் பதிவகம், கனெக்டிகட், ரோட் ஐலண்ட், வெர்மான்டில் ஊர் அலுவலகம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 1890-க்கு உரியது கிட்டத்தட்ட முழுவதும் இல்லை, 1921-ல் வாஷிங்டனில் நடந்த தீ விபத்தில் சேதமாகிப் பிறகு அழிக்கப்பட்டது. ஆட்களின் பெயரோடு உள்ள கணக்கெடுப்பு 72 வருடம் கழித்துத்தான் வெளியே வரும், 1950-ஆம் ஆண்டுடையது 2022 ஏப்ரலில் வந்தது. இவ்வளவு தெரிந்துகொண்டு போனால் அந்த வகுப்புகளில் பின்தங்க மாட்டீர்கள்.

பேச்சுகளின் குறிப்புகளைத் தொகுத்து முன்கூட்டியே தருவார்கள், பெரும்பாலும் பிடிஎஃப் ஆக. முந்தைய வாரமே இறக்கி, நீங்கள் போகும் வகுப்புகளுக்கு உரியதை மட்டும் அச்செடுத்துக்கொள்ளுங்கள். திரையில் வருவதைப் படம் எடுக்கப் பேச்சாளரின் அனுமதி வேண்டும், ஒலிப்பதிவும் அப்படித்தான். குறிப்பு கையில் இருந்தால் அதற்கு அவசியமும் வராது.

டி.என்.ஏ. பற்றிக் கொஞ்சம் விரிவாக

மாநாட்டுக் கடை அரங்கில் சோதனைப் பெட்டிகள் தள்ளுபடியில் கிடைப்பதுண்டு. வாங்குவதற்கு முன் இதைப் படியுங்கள்.

இரண்டு பேர் எவ்வளவு நெருக்கம் என்பதைச் சென்டிமார்கன் என்ற அளவில் சொல்வார்கள். பெற்றவருக்கும் பிள்ளைக்கும் சுமார் 3,400 இருக்கும், கூடப் பிறக்காமல், ஒரே தாத்தா பாட்டிக்குப் பேரப்பிள்ளைகளான சித்தப்பா, அத்தை, மாமன் பிள்ளைகளுக்குள் சராசரியாக 850-ஐ ஒட்டி. இந்தக் கணக்கெல்லாம் சொந்தத்துக்குள் கல்யாணம் பண்ணாத குடும்பங்களை மனதில் வைத்துப் போட்டது. நம் வீடுகளில் அக்கா மகளை மாமன் கட்டியிருப்பார், அத்தை மகளும் மாமன் மகனும் கட்டியிருப்பார்கள், மூன்று தலைமுறை திரும்பத் திரும்ப ஒரே நாலு குடும்பத்துக்குள் பெண் எடுத்துப் பெண் கொடுத்திருப்பார்கள். அதனால் தூரத்துச் சொந்தம்கூட நெருங்கிய சொந்தம் மாதிரி எண்ணிக்கை காட்டும். சோதனை செய்த நிறுவனத்தின் இணையப் பக்கம் "இரண்டாம் நிலை உறவு" என்று சொல்லும், தேடிப்போனால் நாலாம் தலைமுறைப் பங்காளியாக இருப்பார்.

இதற்கு விடை தேடத்தான் இந்த மாநாடு நமக்குப் பொருத்தமான இடம். நியூ இங்கிலாந்தில் அகேடியர்கள் என்ற பிரெஞ்சு மரபினர் நிறைய. கனடாவின் நோவா ஸ்கோஷியா பக்கத்திலிருந்து 1755 முதல் ஆங்கிலேயர்களால் விரட்டப்பட்டவர்களின் வழிவந்தவர்கள், குறைந்த எண்ணிக்கைக் குடும்பங்களுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகக் கல்யாணம் செய்தவர்கள். இதே சிக்கல் அவர்களுக்கும் இருப்பதால், அதைப் பிரித்தெடுக்கும் வழியை அவர்கள் நன்றாகத் தேற்றி வைத்திருக்கிறார்கள். மொத்த எண்ணை நம்பாமல், இருவருக்கும் பொதுவான டி.என்.ஏ. துண்டு ஒவ்வொன்றின் நீளத்தைப் பார்ப்பது, உயிரோடு இருக்கும் மூத்த தலைமுறையைச் சோதிப்பது, இரண்டு பேரும் பொதுவாகப் பொருந்தும் மூன்றாம் ஆட்களைக் கூட்டமாகப் பிரிப்பது, இவையெல்லாம் அங்கே சொல்லித் தருவார்கள். அப்படி ஒரு தலைப்பு நிரலில் இருந்தால் மற்றதை விட்டுவிட்டு அங்கே போய் உட்காருங்கள். சோதனை என்றால் உங்களைவிட உங்கள் அம்மாவுக்கோ அத்தைக்கோ முதலில் செய்வது நல்லது. ஆனால் அவர்களிடம் என்ன செய்கிறோம், யாரெல்லாம் தெரிந்துகொள்ள முடியும், எதிர்பாராத உறவு வெளியே வரலாம் என்பதையெல்லாம் விளக்கிச் சம்மதம் வாங்கிய பிறகு.

தங்குமிடம், சாப்பாடு, செருப்பு

பதிவுக் கட்டணம் முன்கூட்டிக் கட்டினால் குறையும். ஓட்டலில் மாநாட்டுக்கென்று ஒதுக்கிய அறைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும், அதனால் பதிவு செய்த அன்றே அறையையும் பிடியுங்கள். தனி ஆலோசனை மேசைக்கும் பயிலரங்குகளுக்கும் தனியாகப் பெயர் கொடுக்க வேண்டியிருக்கலாம், இடம் கொஞ்சம்தான். மதியச் சாப்பாட்டுச் சீட்டில் சைவம் என்று குறிக்க மறக்காதீர்கள், மறந்தால் ரொட்டியும் இலையும்தான். நான் முதல் நாளுக்குப் புளிசாதம் கட்டிக்கொண்டு போவேன், அது ஒரு நாள் கெடாமல் இருக்கும். அரங்குகளில் ஏசி குளிரும், ஒரு ஸ்வெட்டர், நடந்து பழகிய செருப்பு, செல்போனுக்குப் பவர் பேங்க். அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம், பெயர் அட்டை. சின்ன அட்டைகள் ஐம்பது அச்சடித்துக்கொள்ளுங்கள், உங்கள் பெயர், மின்னஞ்சல், பின்னால் நீங்கள் தேடும் ஊர்களும் பெயர்களும். என் அட்டையின் பின்புறம் "வேலூர், ஆரணி, குடியாத்தம் – நாட்டால்" என்று இருந்தது. காபிக்கு நின்ற வரிசையில் அதைப் பார்த்துவிட்டு ஒருவர், தன் பக்கத்து வீட்டில் டர்பனிலிருந்து வந்த நாயுடு குடும்பம் இருக்கிறது என்றார். பேச்சு கொடுங்கள். நீங்கள் எங்கிருந்து வந்தீர்கள் என்று யாரும் கேட்டால் ஊர்ப் பெயரோடு சொல்லுங்கள்.

முடிந்தால் ஒரு நாள் முன்னதாகப் போய் ஒரு ஆவணக் காப்பகத்தையும் பார்த்துவிடுங்கள். பாஸ்டன் நியூபரி தெருவில் 1845-ல் தொடங்கிய வம்சாவளிச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது, வால்தமில் தேசிய ஆவணக் காப்பகத்தின் கிளை. மான்செஸ்டரில் மாநாடு என்றால் அங்கேயே பிரெஞ்சுக் கனடியக் குடும்பங்களுக்கான சங்க நூலகம் உண்டு. போவதற்கு முன் திறக்கும் நேரத்தையும், முன்பதிவு வேண்டுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்த மேசையில்

சரி, இப்போது அந்த 6 நிமிடம். நாட்டால் பற்றி அந்த அம்மாவுக்கு எதுவும் தெரியாது, அதை வெளிப்படையாகவே சொன்னார். ஆனால் நாங்கள் பிடித்த அந்தக் கேள்வியைக் கொஞ்சம் யோசித்துவிட்டு ஒன்று கேட்டார்: "இவர் தனியாகவா போனார்?" கோபித்துக்கொண்டு போகிறவர்கூடத் தெரிந்த யாரோடாவதுதான் போவார், அவரைக் கிடைக்கவில்லை என்றால் கூடப் போனவரைத் தேடுங்கள் என்றார். நண்பர், உடனிருந்தவர், அண்டை வீட்டார் என்று ஒரு ஆளைச் சுற்றியிருப்பவர்களைத் தேடுவது இந்தத் துறையில் பேர்போன வழி, எலிசபெத் ஷோன் மில்ஸ் என்ற வம்சாவளி ஆய்வாளர் பரவலாக்கியது. கியூபெக்கின் ஒரே தேவாலயப் பங்கிலிருந்து வந்தவர்கள் மான்செஸ்டரின் ஒரே ஆலையில், ஒரே தெருவில் இருந்ததை வைத்துத்தான் அந்த மேசை அம்மா நூற்றுக்கணக்கான குடும்பங்களைச் சேர்த்திருந்தார்.

அன்று இரவே ஊருக்குப் போன் போட்டேன். அத்தை யோசித்துவிட்டு, "கீழத்தெரு வண்ணாரக் கோவிந்தனும் கூடப் போனதா ஆயா சொல்லும்" என்றார். இத்தனை வருடம் நான் அதைக் கேட்கவே இல்லை, அதனால் அவரும் சொல்லவில்லை.

1860-லிருந்து 1911 வரை நாட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக 1,52,184 பேர் போனார்கள், பெரும்பங்கு சென்னையிலிருந்து. ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், தாலுகா, கிராமம், உடலில் உள்ள தழும்பு வரை கப்பல் பட்டியலில் எழுதியிருக்கிறார்கள். அதில் முனிசாமி என்ற பெயர் எத்தனை இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஆனால் அடுத்தடுத்த எண்களில் ஒரே கிராமத்து முனிசாமியும் கோவிந்தனும் என்றால் அது எத்தனை இருக்கும்? இப்படித் தேடியபோது மூன்று ஜோடிகளாகச் சுருங்கியது. ஒன்றில் கிராமத்தின் பெயர் எங்கள் ஊர்ப் பெயர் மாதிரி இருக்கிறது, எழுத்து மங்கியிருக்கிறது. அதைத்தான் இப்போது உறுதிப்படுத்திக்கொண்டிருக்கிறேன்.

ஆலோசனை மேசையில் உட்காரும்போது பேனாவை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள், அவர் சொல்வதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். "இதை வேறு எங்கே தேடுவீர்கள்?" என்று கடைசி நிமிடத்தில் கேளுங்கள். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, முகவரி எல்லாம் தாளில் வேண்டாம், தாள் கை மாறும்.

திரும்பி வந்த பிறகு

முதல் வாரம் தவறினால் எல்லாம் பையிலேயே கிடக்கும். அன்றன்று இரவு ஓட்டல் அறையில் அரை மணி நேரம், யார் என்ன சொன்னார், அடுத்து என்ன தேட வேண்டும் என்று எழுதிவிடுங்கள். வாங்கிய அட்டைகளின் பின்னால் அவர் யார், எதைப் பற்றிப் பேசினோம் என்று அப்போதே குறித்தால்தான் வீட்டுக்கு வந்து கடிதம் எழுத முடியும். அந்த அம்மாவுக்கு நான் எழுதினேன், மங்கிய கிராமப் பெயரின் படத்தையும் சேர்த்து. மூன்றே நாளில் பதில் வந்தது: அதே குமாஸ்தா அதே பக்கத்தில் வேறு ஊர்களை எப்படி எழுதியிருக்கிறார் என்று எழுத்து எழுத்தாக வெட்டி ஒட்டி ஒப்பிட்டுப் பாருங்கள் என்று. இப்போது சாப்பாட்டு மேசையில் அதுதான் பரப்பிக் கிடக்கிறது.